நிதானம் அழுத்திய ஷிப்ட்

மதியம் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. அச்சகத்துக்குப் போகிற சாலையில் ஒரு நாய்கூட இல்லை... பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? சிரிக்கிறவன் எழுந்து வெளியே போகலாம்.

நம் நண்பனின் அத்தான் வயிறெரிந்துகொண்டே போனார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டை வடிவமைப்பது அவர் வேலை. ஒரு சீட்டில், அரை மாத்திரை என்பது இரண்டு மாத்திரை என்று அச்சாகிவிட்டது. ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. சரிபார்க்க விடாமல் விரட்டி, அச்சுக்கு அனுப்பியவர் மேலாளர். பழியோ, அதே அச்சகத்தில் பிழை பார்த்துவந்து போன மாதம் செத்துப்போன "நிதானம்" தலையில்.

அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. அந்த அச்சகத்துக் கணினியில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு, பக்கத்தின் மேல் மூலையில் இருக்கிற மஞ்சள் பொத்தானைத் தட்டினால், திரையில் இருக்கிற பக்கம் சட்டென்று மறையாது. நெளிந்து நெளிந்து மெதுவாகக் கீழே இறங்கும். பலருக்குத் தெரியாத வித்தை. நிதானம் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படித்தான் இறக்குவார். அது இறங்கி முடிப்பதற்குள் கடைசியாக ஒரு தடவை பிழை பார்ப்பார். அதற்காகவே மேலாளர் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்ப்பார். பாவி! அந்த ஆள்தான் இப்போது ஆளில்லாத அச்சகத்தில், அந்தச் சீட்டின் பதிவுப் பக்கத்தைத் திரையில் காட்டிக்கொண்டு நின்றார்.

"அனுப்புனவர்னு என் பேர் இருக்குல்ல, அதை எடுத்துட்டு அவன் பேரைப் போடு. செத்தவனுக்கு என்ன, வேலையா போயிடப்போகுது?"

"அவரு பொண்டாட்டி பிள்ளைங்க தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேணாமா சார்?"

"அப்போ நீ நடையைக் கட்டு. நாளைக்கு வேற ஆள் வருவான்."

அத்தானுக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும்... பெயரை மாற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் பொத்தானைத் தட்டினார்.

பக்கம் மெல்ல... மெல்ல... இறங்கியது.

"ஷிப்ட்லேருந்து கையை எடுடா!"

அத்தான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஷிப்ட் தானாக அமுங்கிக் கிடந்தது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம். மேலாளர் விசைப்பலகையைப் பிடுங்கி எறிந்தார். பக்கம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது... அனுப்பியவர் என்ற இடத்தில் மறுபடியும் மேலாளர் பெயர்!

திரையை உடைக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. இல்லை, இறங்கியது... நூல் நூலாக. அவர் திட்ட ஆரம்பித்த வார்த்தையின் முதல் எழுத்து மட்டும் "ஏ..." என்று நீண்டுகொண்டே போனது.

அத்தான் அந்தப் பக்கத்தை அப்படியே மருந்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நன்றாக வேண்டும்!

மேலாளர் சாகவில்லை. வீட்டில்தான் இருக்கிறார். டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் கண்ணை மூட ஆரம்பித்தால், மூடி முடிக்கச் சாயங்காலம் ஆகிறதாம். அதுவரை அந்தக் கண்மணிகள் மட்டும்... இடமிருந்து வலமாக, வரி வரியாக, எதையோ படித்துக்கொண்டே இருக்கின்றன.