வெளியே போகாத பூனை

பூனை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மீன் கடையில் தலையை வெட்டி எறிய விடாதீர்கள், கேட்டு வாங்கி வாருங்கள். எங்கள் ராணிக்கு அவித்த கெம்போங் மீன் தலை கிடைத்துவிட்டால், அன்று முழுக்க என் நாற்காலிக்கு அடியில்தான் படுக்கை.

ஆனால் கோலசிலாங்கூரில் யாரும் என்னிடம் பூனையைப் பற்றிக் கேட்பதில்லை. "மகாதேவா அண்ணை, மகளுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்றுதான் கேட்கிறார்கள். சிவகௌரிக்கு முப்பத்தாறு வயது, இடைநிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. நான் பெருமூச்சு விட்டு வானத்தைப் பார்ப்பேன். ரப்பர் தோட்டத்தில் சம்பளக் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவனுக்குப் பெருமூச்சு நன்றாக வரும். சம்பளம் கூட்டிக் கேட்டவர்களிடம் பழகியது. நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் உள்ளதைச் சொல்கிறேன்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டைப் பார்ப்பது கௌரிதான். காலையில் எனக்கு இன்சுலின் ஊசி போட்டு, இடியப்பம் அவித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மத்தியானம் வந்து மீன் பொரிப்பாள். நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. உப்புக் கூடினால் தட்டைத் தள்ளி வைப்பேன், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் சுகுமாறன் வந்தான். பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரன், கிள்ளானில் எஞ்சினியர், அவளே பார்த்து விரும்பியவன். நல்லவன்தான், அதுதான் சங்கடம். குடிகாரனாக இருந்திருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும். அவள் போனில் சிரித்துப் பேசும்போது சட்டியில் மீன் கருகியது. ஒருநாள் ஊசி போடவே மறந்துவிட்டாள்.

அதே மாதம் ராணிக்கும் பருவம் வந்தது. ஓயாமல் கத்தியது, கேட் வாசலில் கடுவன் பூனைகள் காவல் கிடந்தன. டவுனில் இருக்கும் மிருக வைத்தியரிடம் இருவருமாகக் கொண்டுபோனோம். டாக்டர் மோகனா சின்னப் பெண், பொறுமையாக விளக்கினாள்.

"கர்ப்பப்பையையே எடுத்துடுவோம் அங்கிள். அப்புறம் ஆண் பூனை தேடி வராது, இதுவும் சுவர் ஏறாது. வீட்டோட இருக்கும் லா."

"வலிக்குமோ?" என்றேன்.

"தூங்கும்போதே முடிஞ்சிடும். அதுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது."

கௌரிக்குத்தான் கண் கலங்கியது. "பாவம் அப்பா, அதைக் கேக்காமலே செய்யிறம்."

"நல்லதுக்குத்தானே பிள்ளை," என்றேன்.

அடுத்த வாரம் சுகுமாறனின் பெரியம்மா வாகீஸ்வரி வந்தார். சம்பந்தம் பேசுமுன் விசாரிப்பது நம் ஆட்களின் வழக்கம். கௌரி பள்ளியில் இருந்தாள். கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு படுத்திருந்த ராணியைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகு பூனையைத் தடவிக்கொண்டே மற்றதையும் சொன்னேன்.

"எங்கட கௌரிக்கும் போன வருஷம் எடுத்தாச்சு தங்கச்சி. கட்டி. வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களை ஏமாத்தக் கூடாது பாருங்கோ."

அவளுக்குத் தலைவலிக்கு மேல் ஒன்றும் வந்ததில்லை. ஆனால் பெற்ற தகப்பன் மகளின் கர்ப்பப்பையைப் பற்றிப் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? நம் ஆட்கள் ஏழு தலைமுறையைத் தோண்டித் துருவுவார்கள். இதை மட்டும் அந்தப் பெண்ணிடமே கேட்க மாட்டார்கள், நாகரிகம் தெரிந்தவர்கள். வாகீஸ்வரி என் நேர்மையைப் பாராட்டிவிட்டு, தேநீரைத் தொடாமல் போனார்.

தொல்லை விட்டது என்றிருந்தேன். சில நாளில் வாகீஸ்வரியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணை, பிள்ளை இல்லாட்டிப் பரவாயில்லையெண்டு தம்பி சொல்லுறான். கௌரி மட்டும் போதுமாம்."

இப்படிப்பட்டவனை என்னதான் செய்வது? எனக்கே வெட்கமாக இருந்தது. காப்பி குடித்ததும் சரியாகிவிட்டது. நானே திருப்பி அழைத்தேன்.

"அவளுக்கு விருப்பமில்லை தங்கச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு அறிஞ்சா உயிரையே விட்டிடுவாள். தம்பியை இனிக் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவளின்ர மானத்தைக் காப்பாத்துங்கோ."

அவன் காப்பாற்றினான். அதன் பிறகு கௌரியின் அழைப்பை எடுக்கவே இல்லை. நேரில் போய்க் கேட்க அவளுடைய ரோசம் இடம் கொடுக்கவில்லை. அந்த ரோசம் என்னிடமிருந்து வந்தது.

"அப்பா, அவை ஏதும் சொன்னவையோ?"

"வேண்டாமெண்டிட்டினம் பிள்ளை. காரணம் சொல்லேல்லை."

அவள் அழவில்லை என்றுதான் நினைக்கிறேன். குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீர் பில்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை ஊசி நேரத்துக்கு வந்தது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். நிறுத்தி வைக்க அவ்வளவு தேவைப்படவில்லை.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. ராணி கொழுத்துவிட்டது. மாலையில் காற்றுக்காக முன்கதவை அகலத் திறந்து வைக்கிறேன். பூனை வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். கௌரியும் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எனக்கு மாத்திரை எடுக்க உள்ளே வந்துவிடுவாள். நான் யாரையும் கட்டிப்போடவில்லை. இரண்டுக்கும் என்மேல் அவ்வளவு பாசம்.