நண்டுக்கு நடந்த பாலாபிஷேகம்

பேர் எடுக்கணும், பேர் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றோம். எப்படி எடுக்குறது?... அதுக்கு ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன். சொல்லட்டுமா?... கடைசி வரிசையில போன் பாக்குற தம்பி, உன்னையும் சேர்த்துத்தான் கேக்குறேன். சொல்லட்டுமா? சரி.

நம்ம மதுரை ஆரப்பாளையத்துப் பொண்ணு. பேரு மரகதவல்லி. சென்னையில, அனிமேஷன் படங்களுக்குப் போஸ்டர் டிசைன் பண்ற வேலை. அம்மா சீதாலட்சுமி இங்க தையல் கடை வச்சிருக்காங்க. தெருவுல கேப்பாங்க... "மக என்ன வேலை பாக்குறா?" "சினிமா போஸ்டர் வேலை." "யாத்தே! பொம்பளப் புள்ள சுவத்துல ஏறிப் பசை தடவுதா?"

அந்தம்மா என்னத்தச் சொல்லும்? மககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "ஏத்தா, போஸ்டர்ல கீழ பொடி எழுத்துல பேரு போடுவாங்கள்ல... உன் பேரு எப்ப வரும்? வந்தா இவளுக வாயை அடைச்சுருவேன்."

வந்துச்சு நேரம். 'ஒத்தக் கொடுக்கு'ன்னு ஒரு படம். ஹீரோ யாரு? ஒரு கொடுக்கை இழந்த நண்டு. பேரு முத்தையா! மரகதவல்லி பேரு போஸ்டர்ல வரப்போற முதல் படம்.

இதுல ஒரு கஷ்டம் பாருங்க. நடிகர்னா கேமரா முன்னாடி நிறுத்தி, 'கொஞ்சம் முறைங்க சார்'னு போட்டோ எடுத்துடலாம். நண்டை எங்க நிறுத்துவீங்க?... அது கம்ப்யூட்டருக்குள்ளல்ல இருக்கு! வரையறவங்க பக்கத்துலயே போய் உக்காந்தா. கொடுக்கை இன்னும் தூக்குங்க, கண்ணுல கோவம் வேணும், ஆனா சின்னப் புள்ளைக பயந்துடக் கூடாது... மாத்தி மாத்திச் செஞ்சா. கடைசியில நிக்குது பாருங்க நண்டு! பின்னாடி அலை, ஒத்தக் கொடுக்கு வானத்துல... பாக்குறவனை "வாடா"ன்னு கூப்பிடுது. கீழ ஓரத்துல, 'டிசைன்ஸ் மரகதவல்லி'.

மதுரை ஏரியாவுக்குப் படத்தை வாங்குனவர் ராஜாங்கம்னு ஒரு விநியோகஸ்தர். பாத்தாரு...

"ஏம்மா, ஹீரோ எங்க?"

"இதுதான் சார் ஹீரோ."

"அட, நண்டுக்குக் குரல் குடுத்தாருல்ல, நம்ம பெரிய நடிகர்... அவரு எங்க?"

"அவர் குரல் மட்டும்தான் சார் படத்துல. முகம் ஒரு இடத்துலகூட வராது."

"இருக்கட்டும்மா! எங்க ஊர்ல நண்டைப் பாத்தா வறுத்துத் திங்கத்தான் தோணும். எவன் டிக்கெட் எடுப்பான்? என் ஏரியாவுக்கு அவரு மூஞ்சியைப் பெருசாப் போடு. நண்டை... அந்தா, அந்த மூலையில ஒதுக்கு."

கம்பெனி முதலாளியும் "அவர் கேக்குறதைக் குடுத்துடும்மா"ன்னுட்டார். என்ன செஞ்சா? சண்டை போட்டாளா? அழுதாளா?... இல்ல. ராஜாங்கத்துகிட்டயே சொன்னா.

"செஞ்சு தர்றேன் சார். ஆனா அதுல என் பேரு வேண்டாம்."

"பேருக்காக அவனவன் அடிச்சுக்குறான், நீ வேண்டாங்கிற?"

"படத்துல இல்லாத முகத்தைக் காட்டி ஜனங்களைக் கூப்பிடுறீங்க. அதுக்குக் கீழ என் பேரு நிக்க வேண்டாம் சார்."

எந்த ஊருக்கு அந்தப் போஸ்டர்?... மதுரைக்கு! அம்மா பாக்குற ஊருக்கு! சென்னையில அவ பேரு இருக்கு, திருச்சியில இருக்கு, பெத்தவ இருக்குற ஊர்ல இல்ல. போன் போட்டுச் சொன்னா. அந்தம்மா "சரித்தா"ன்னு மட்டும் சொல்லி வச்சுருச்சு. அந்த 'சரித்தா'வுல எவ்வளவு ஏமாத்தம் இருந்துருக்கும், பெத்தவங்களுக்குத் தெரியும்.

படம் ரிலீஸ். தியேட்டர் வாசல்ல நடிகர் மூஞ்சி, தப்பட்டை, பட்டாசு! ரசிகர் மன்றத் தலைவர் சோணைமுத்து பால் கேனோட நிக்கிறாரு. ஒரு கேனை அந்த மூஞ்சி மேல அப்பவே ஊத்தியாச்சு, இன்னொண்ணு படம் முடிஞ்சு ஊத்த. உள்ள நடிகரோட குரல் கேட்டதும் "தலைவா!"ன்னு தியேட்டரே அதிருது. திரையில பாத்தா... நண்டு.

"டேய்... தலைவர் எங்கடா?" ஒரே கூச்சல். சீட்டைத் தட்டுறான், விளக்கைப் போடுங்கிறான்.

அப்புறம் ஒரு காட்சி. வலையில மாட்டுன தங்கச்சி நண்டை, இருக்குற அந்த ஒத்தக் கொடுக்கால அறுத்து அறுத்து முத்தையா மீட்கிறான். கத்துனவனே விசில் அடிக்கிறான்! சோணைமுத்து கண்ணைத் துடைச்சுக்குறாரு. வெளிய வந்தா "முத்தையா வாழ்க!"ன்னு கோஷம். கேனைத் தூக்கிட்டு முத்தையாவைத் தேடுறாரு... மூலையில, எலுமிச்சம்பழ அளவுல இருக்கு. அடிச்சாரு போனு ராஜாங்கத்துக்கு.

"அண்ணே, எங்க நண்டு எங்கண்ணே?"

ராஜாங்கம் அடிச்சாரு போனு மரகதவல்லிக்கு. "அம்மாடி, அந்த நண்டை அனுப்பும்மா. உடனே பேனர் அடிக்கணும்!"

"அனுப்புறேன் சார். கீழ ஒரு பேரு இருக்கும்..."

"இருக்கட்டும் தாயி! அதை எவனும் தொட மாட்டான்!"

மறுநாள் பேனர் ஏறிருச்சு. சோணைமுத்து சாரத்துல ஏறி நண்டு தலையில பாலை ஊத்துறாரு. கூட்டத்துக்குள்ள சீதாலட்சுமி அம்மாவும் நிக்குது. பால் இறங்குது... கண்ணு மேல... கொடுக்கு மேல... அலை மேல... இறங்கி, அடிச் சட்டத்துல தட்டி எங்க நிக்குது தெரியுமா? மரகதவல்லிங்கிற பேரு மேல!

அந்தம்மா ஓடிப்போய் முந்தானையால பேரைத் துடைக்குது. மேல இருந்து சத்தம்... "யக்கா! அபிஷேகத்தைத் துடைக்காதீங்க!"

"எம் மக பேருப்பா... நல்லாத் தெரியட்டும்னு துடைக்கிறேன்!"

சோணைமுத்து கேனை அப்படியே கவுத்துட்டாரு. "அப்ப அவங்களுக்கும் சேத்து!"

...கை தட்டுறீங்க. எனக்கு வேண்டாம், நம்ம ஊர்ப் பொண்ணுக்குத் தட்டுங்க! நல்லாத் தட்டுங்க!

பிள்ளைகளா, படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போகப்போறீங்க. மேல இருக்குறவர் சொல்றதையும் செய்ய வேண்டி வரும். செய்யுங்க, வீடு இருக்கு, வயிறு இருக்கு. ஆனா எதுக்குக் கீழ உங்க பேரு நிக்கணும்? அதை வேற எவனும் முடிவு பண்ணக் கூடாது. அவளுக்கும் பேரு மேல ஆசை இல்லாம இல்ல, அவ அம்மாவுக்கு அதைவிட ஆசை. இருந்தும் வேண்டாம்னு சொன்னா பாருங்க... அந்தப் பேரு மேலதாங்க இந்த மதுரையில பால் ஓடுச்சு!