பிழை பூஜ்யம்

— ட்செங் அண்ணே, நம்ம மருந்து பம்ப் புரோகிராமைத் தயார் பண்ற பில்டு மெஷின் என்ன பதிஞ்சிருக்குன்னு மறுபடியும் படிக்கறேன், காது குடுத்துக் கேளுங்க. “இந்தக் கம்பைலருக்கு மெமரிப் பிழைச் சோதனை தெரியாது. சோதனையை விட்டுட்டு மேலே போறேன்.”

— கேட்டேன், பெய்ஷான். டப்பாச் சோறு ஆறுது, சாப்பிடு.

— எங்க இறங்கும்? எட்டு மாசமா புரோகிராமோட உயிரான கெர்னல்ல பிழை பூஜ்யம், பூஜ்யம்னு அறிக்கை குடுத்தோமே! சோதனையே ஓடல அண்ணே. பரீட்சையே எழுதாத பிள்ளைக்கு நூறு மார்க் போட்டிருக்கோம்.

— ஆமாம்மா.

— என்ன ஆமாம்மா? நம்ம மருந்து பம்ப் பத்து மடங்கு ஏத்தி ஒரு பெரியவர் செத்திருக்காரு. அளவைத் தப்பா அழுத்திட்டான்னு அந்த நர்ஸ் ஷியேயைக் கோர்ட்ல நிறுத்தியிருக்காங்க. நம்ம பூஜ்யந்தான் அவளுக்கு எதிரா சாட்சி. மூணு மணிக்கு விசாரணை!

— தெரியும்.

— காலையில என் மெஷின்ல புதுக் கம்பைலர் வெச்சு ஓட்டினேன். பதினேழு பிழை. அதுல ஒண்ணு, மெமரில மருந்தளவு இருக்கற இடத்து மேலயே வேற எதையோ எழுதுது. அவ ஒண்ணும் தப்பா அழுத்தல!

— மெதுவாப் பேசு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனி டைரக்டர்.

— கேக்கட்டுமே! பில்டு மெஷின்ல எந்தப் புண்ணியவான் பழைய கம்பைலரை வெச்சான்?

— அது சரக்கு அனுப்பற அவசரம்மா. புதுசு அன்னிக்கு மக்கர் பண்ணுச்சு.

— அப்புறம் எட்டு மாசமா ஒருத்தரும் தொடல. மெஷின் சொன்ன பேச்சு கேக்கணும்னு நம்ம ஊர் வழக்கப்படி அது தலைமேல பச்சைத் தின்பண்டப் பொட்டலம் வெச்சாச்சே, பார்த்ததும் கும்பிட்டு ஒதுங்கிடறோம். பழசை வெச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும். இந்த வரியைக் காட்டினதுலேருந்து மூணு நாளா மழுப்புறீங்க. உங்க நாற்காலிக்காக அவ ஜெயிலுக்குப் போகணுமா? வெக்கமா இல்ல?

— மெஷினைச் சரி பண்ணினவங்கதானே பொட்டலத்துல பேர் எழுதணும்? எடுத்துத் திருப்பிப் பாரு.

— பார்க்கத்தான் போறேன். மார்ச் பதினொண்ணு...

— பேரைப் படி.

— அண்ணே... இது என் கையெழுத்து.

— ம்.

— அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் அண்ணே மாத்தினேன். சரக்கு போனதும் யாராவது திருப்பியிருப்பீங்கன்னு நினைச்சு மறந்தே போயிட்டேன்...

— பொட்டலம் வெச்ச மெஷினை இங்க எவன் தொட்டான்? உன் பேர் வெளிய வரக்கூடாதுன்னுதான் மூணு நாளா வாயைத் திறக்கல. ஷியேயோட வக்கீல் நம்பர் என் போன்ல இருக்கு. இப்ப சொல்லு பெய்ஷான், கூப்பிடட்டுமா?