படம் வராத திடல்

கோலா சாவாவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் தோட்டத் தொழிலாளிகள் போலிருந்த ஒரு கணவனும் மனைவியும்.

“புது வீட்டுக்கு ஃபாரம் போட்டுட்டேன்னு சொன்னது சும்மா ரீல்தான். கோவிச்சுக்காத லா,” என்றார் கணவர்.

“ரீலா? அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? தோட்டத்துத் திடல்ல இன்னைக்குப் படம்னு நம்மள வேலை வாங்குற மண்டோர் சொல்லுவாரு. லோரியில ரீல் வருது, வருதும்பாரு. மழை கொட்டுற வரைக்கும் பாயில உட்கார்ந்திருப்போம். வராது. அதுக்குப் பேருதான் ரீல்.”

“அதான் சொல்றேன். சின்னப் பொய்.”

“தோட்டத்த வித்துட்டானுங்க. மாசக் கடைசியில தோட்டத்து வீட்டக் காலி பண்ணணும். ஃபாரம் வாங்குறது நேத்தோட முடிஞ்சிருச்சு. இது சின்னப் பொய்யா? அன்னைக்குப் படம் வரலன்னா பாயச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனோம். இப்ப எந்த வீட்டுக்குப் போறது?”