புட்டிக்குள் ஒரு சிட்டிகை விபூதி

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பஸ்ஸின் முன்னால் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. நல்லவாடு என்ற மீனவ ஊரில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள், மீன் விற்கும் ஓர் அம்மாவும் ஆராய்ச்சி படிக்கும் அவர் மகளும். மகள் கையில் சந்தனப் பொட்டு வைத்த சின்னக் கண்ணாடிப் புட்டி.

"பொட்டு வச்ச, சரி. மூடிய எதுக்குமா தொறந்த?"

"வலைக்கும் தராசுக்கும் வச்சேன். உன் தொழிலு உள்ளதான இருக்குது? மூடிக்கு மட்டும் வச்சா போதுமா? ஒரு சிட்டிகை விபூதி போட்டேன், அவ்ளோதான்."

"அது மெக்னீசியம் போரோஹைட்ரைடும் அம்மோனியாவும் சேர்ந்த பவுடரும்மா. வண்டி ஓட்ற ஹைட்ரஜன அதுக்குள்ள அடைச்சி வச்சிக்கிறோம். ஈரக்காத்து பட்டாலே வீணாப்பூடும். மூணு மாசம் காத்து புகாத பெட்டிக்குள்ள வச்சி செஞ்சேன். இன்னிக்கி வெளியூர் லேப்ல டெஸ்ட்டு. லீவுல வூட்டுக்கு எடுத்தாந்தது என் தப்பு."

"சூடு பண்ணா ஹைட்ரஜனோட அம்மோனியாவும் வந்து மிஷின கெடுக்குதுன்னு நீதான அழுத?"

"ஆமா, அதுக்கு இன்னா இப்ப?"

"ஐஸ் பிளான்ட்ல அம்மோனியா கசிஞ்சா அடிக்கிற அதே நாத்தம். அது போவணும்னுதான் வேண்டிக்கினு, ரெண்டு நாளும் தொறந்தே வச்சேன். மோந்து பாரு, போயிடுச்சு."

மகள் மோந்து பார்க்கவில்லை. "போயிடுச்சும்மா. ஹைட்ரஜனும் கூடவே போயிடுச்சு."

புட்டியைப் பைக்குள் வைத்தாள். பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது அம்மா சொன்னார்:

"அடுத்தது செய்யறப்ப சொல்லு. ரெண்டுல எது போவக்கூடாதுன்னு தெளிவா வேண்டிக்கிறேன்."