ஆடு எடுத்துக்கொண்ட வேலை

மலேசியாவில், சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "என் வேலைய ஆடு எடுத்துக்கிச்சுக்கா."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "என்னாடி சொல்ற?"

"நான் எண்ணெய்க்குப் பழம் பொறுக்குன செம்பனை மரத்தையெல்லாம் வெட்டிட்டு சோலார் பேனல் போட்டாங்கல்ல? தோட்டத்து ஆளுங்களுக்குப் பசுமை வேலைன்னு அரசாங்கம் பயிற்சி கொடுத்துச்சு. சர்டிபிகேட்டோட அந்த சோலார் கம்பெனிக்குப் போனா, இது செல்லாது, கரண்டு லைசென்ஸ் வேணும்ங்கறான் மேனேஜர்."

"அதையும் எடுத்துற வேண்டியதுதானே?"

"அதுக்கு இங்க வகுப்பே இல்லலா! பயிற்சி கொடுத்த ஆபீஸ்ல கேட்டா, திட்டம் வந்துருச்சு, வகுப்பு இன்னும் வரலைங்கறாங்க. வேற வழியில்லாம அந்த சோலார் பேனலுக்கு அடியில புல்லு வெட்டப் போனேன்."

"அதுவும் பச்சை வேலைதான் போ."

"போன வாரம் அங்க ஆட்டைக் கொண்டாந்து இறக்கிட்டான். புல்லு மேய அதுங்க போதுமாம். என்னை வர வேணாம்னுட்டான்."

மூத்தவள் இப்போது சிரிக்கவில்லை. "ஆட்டுகிட்ட லைசென்ஸ் கேட்டானா?"

"கேக்கலக்கா. பயிற்சியும் கொடுக்கல. நேரா வேலை."