இருபத்திரண்டு மீற்றர்

எனக்கு வெண்கட்டித் தூள் ஆகாது. அதனால்தான் படிப்பிப்பதை விட்டேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். விசாரிக்க வந்த உங்களுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை.

நானும் ராஜரத்தினமும் பளையில் ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் எடுத்தோம். 2002ஆம் ஆண்டு இறுதிச் சோதனையில் எட்டாம் வகுப்புக்கு நான் போட்ட ஒரு கேள்வி: 5 + 2 × 10. பெருக்கலை முதலில் செய்யவேண்டும், விடை இருபத்தைந்து. அவர் இடமிருந்து வலமாகவே செய்து, எழுபது என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் சரி போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் தன் சின்னக் கல்குலேட்டரை எடுத்து வரிசையாக அமத்திக் காட்டினார். எழுபது வந்தது.

“மெஷினுக்குமோ பிழைக்கும், தில்லைநாதன் மாஸ்டர்? இருபத்தைஞ்சு வேணுமெண்டால் நீங்கள் அடைப்புக்குறி போட்டிருக்கவேணும்.”

சிரித்தார்கள். அதிபரும் சிரித்துக்கொண்டே, “ரெண்டுக்கும் புள்ளியைப் போட்டுவிடுங்கோ” என்றார். ஒரு கணக்குக்கு இரண்டு விடை. அந்த வருடத்தோடு நான் நின்றுவிட்டேன்.

அது சமாதான காலம். மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் பதிவெழுதும் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு எங்கள் ஆட்கள் ஒரு தென்னங்காணிக்குள் பாதை திறந்தார்கள். வீதியோரக் கட்டையிலிருந்து நான்கு மீற்றர். அதன்பிறகு மூன்று மூன்று மீற்றராக ஆறு துண்டுகள். மொத்தம் இருபத்திரண்டு மீற்றர். அதற்கு அப்பால் யாரும் கை வைக்கவில்லை. காணி ராஜரத்தினத்தினுடையது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு கிழமை லீவு வந்தது; பதிவுகளோடு நான் மட்டும் அங்கே நின்றேன். பாதையின் முடிவில் எல்லை காட்ட நட்டிருந்த சிவப்புத் தடிகளை யாரோ விறகுக்குப் பிடுங்கிப் போயிருந்தார்கள். காலையில் கண்டேன். யாருக்கும் அறிவிக்கவில்லை.

பத்து மணிபோல் ராஜரத்தினம் தன் மகள் லக்சிகாவோடு வந்தார். அவள் என்னிடம் படித்தவள்.

“கிணத்தை ஒருக்கால் பாக்கவேணும். எவ்வளவு தூரம் போகலாம், மாஸ்டர்?”

வாயால் சொல்லியிருக்கலாம். நான் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்: 4 + 6 × 3 மீற்றர். அவர் வாசித்துவிட்டு, “அப்ப கிணத்தடி வரைக்கும் போகலாம்” என்றார். கிணறு இருபத்தெட்டாவது மீற்றரில் இருந்தது. காணியின் படம் கீறியவன் நான்.

“அளந்து போங்கோ” என்றேன்.

அளந்துதான் போனார்கள். நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மகள் கட்டையடியில் நின்றாள். கடதாசியைப் பார்த்துவிட்டு, “அப்பா, இருபத்திரண்டிலை நில்லுங்கோ” என்று கூப்பிட்டாளாம். அவர் திரும்பிப் பாராமல், “முப்பது, பிள்ளை” என்றாராம். நாடா இருபத்தாறில் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் முடிந்துவிட்டார்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை கழிந்த பிறகு லக்சிகா என் வீட்டுக்கு வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கடதாசியை மேசையில் வைத்தாள்.

“சேர், இருபத்திரண்டு எண்டு எழுதியிருக்கலாமே?”

“உனக்கு விளங்கினதுதானே, பிள்ளை?” என்றேன்.

அவள் அழவில்லை. படலையைச் சாத்திக்கொண்டு போனாள். அன்றுதொட்டு, கடைக்கு நடந்தாலும் இருபத்திரண்டாவது அடியில் என் கால் நின்றுவிடுகிறது. பின்னால் ஒரு பெண்பிள்ளை கூப்பிடுவது கேட்கிறது. அவள் குரல் தவிக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் முப்பது என்றே எடுப்பார் என்று தெரிந்து, அதற்காகவே எழுதினேன். கொன்றவன் நான். அதை நீங்கள் எப்படியும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடதாசியில் பிழை இருந்ததாக மட்டும் எழுதவேண்டாம். விடை இருபத்திரண்டுதான். இப்போது கேட்டால் ராஜரத்தினமும் ஒத்துக்கொள்வார்.